வளவுக்கு வந்த பூனை எந்தப் பூனை?

மாட்டு டொக்டர் பதில்கள்

போன இதழில் பசுமாட்டு மடிநோய் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். அதற்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. முடிவில் கொஞ்சம் இடம் மிஞ்சியதால், ‘எங்கள் கோழிக்கூட்டுப் பக்கம் இப்போது ஒரு காட்டுப்பூனை வந்து போகிறது’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அவ்வளவுதான், பூனைக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. மாடுகள் மன்னிக்கட்டும். இந்த மாதம் முழுக்கப் பூனைதான்.

கொடிகாமத்திலிருந்து ஒரு வாசகி: டொக்டர் ஐயா, செக்கல் பொழுதில் எங்கள் பின்வேலியால் மண்ணிறத்தில் ஒரு பெரிய பூனை வருகிறது. இரண்டு கிழமைக்குள் ஐந்து கோழிக்குஞ்சைக் காணோம். மகன் காட்டுப்பூனை என்கிறான். மாமி, அது ஒழுங்கை முகப்பு வீட்டுக் கடுவன் என்கிறா. பார்த்தவுடன் எப்படிப் பிரித்துச் சொல்வது?

தங்கச்சி, நிறத்தை விட்டுவிட்டு வாலைப் பாருங்கள். வீட்டுப் பூனைக்கு வால் நீளம். நிற்கும்போது தொங்கவிட்டால் நுனி கிட்டத்தட்ட நிலத்தைத் தொடும். காட்டுப்பூனைக்கு வால் கட்டை; உடம்பு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். பின்னங்காலில் பின்பக்கமாக மடிந்த மூட்டு ஒன்று இருக்கிறதல்லவா, அந்த மட்டோடு வால் முடிந்துவிடும். நுனி கறுப்பு. அதற்கு மேலே இரண்டு மூன்று கறுப்பு வளையம்.

அடுத்தது கால். வீட்டுப் பூனையைப் பொய்க்காலில் ஏற்றிவிட்டதுபோல் இருக்கும். உடம்பு நிலத்திலிருந்து நல்லாய் எழும்பி நிற்கும். தூரத்தில் பார்ப்பவர்கள் முதலில் நாய்க்குட்டி என்று நினைப்பதும் உண்டு. காது கூராக நிமிர்ந்து நிற்கும், நுனியில் சின்னதாய் ஒரு கறுப்பு மயிர்க்கற்றை. செக்கலில் அது தெரியாது. மகனிடம் போன் இருக்கும், ஒரு படம் எடுத்துப் பெருப்பித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளர்ந்த காட்டுப்பூனையின் உடம்பில் வரியும் இல்லை, புள்ளியும் இல்லை. மணல் நிறம், சில நேரம் சாம்பல் கலந்த மண்ணிறம். முன்னங்காலில் மட்டும் ஓரிரு கறுப்புப் பட்டி மிச்சம் இருக்கும். பெரிய ஆண் 8 கிலோ வரை வரும். எங்கள் ஊர்க் கடுவன் 5 கிலோ வந்தாலே வீட்டுக்காரர் பெருமைப்பட்டுக்கொள்வார்.

நிறம் ஒன்றுக்குத்தான் உதவும். வெள்ளைச் சப்பாத்துப் போட்ட மாதிரிப் பாதம், முதுகில் வெள்ளைத் திட்டு, செம்மஞ்சள் வரி, மூன்று நிறக் கலப்பு, விலாவில் சுருள் சுருளான கோலம், இவற்றில் எது இருந்தாலும் மாமி வென்றுவிட்டா. அதெல்லாம் மனிதனோடு வாழ்ந்து வந்த நிறங்கள். இன்னொன்று, உங்களைக் கண்டதும் வாலைக் கொடிக்கம்பம்போல் நட்டுக்கொண்டு கிட்ட வந்தால், அதுவும் வீட்டுப் பூனைதான்.

ஆனால் மகனை அவசரப்பட்டுத் தோற்கடிக்க வேண்டாம். காட்டுப்பூனை என்று பெயர் இருக்கிறதே தவிர, அது அடர்ந்த காட்டை விரும்பும் மிருகம் இல்லை. உயர்ந்த புல், நாணல், வயல் ஓரம், வடலிப் பற்றை, இவைதான் அதற்குப் பிடித்த இடம். எலி எங்கே அதிகமோ அங்கே அது இருக்கும். தென்மராட்சியில் அதற்கு இருக்க இடமும் உண்டு, தின்ன எலியும் உண்டு. பழந்தமிழில் இதற்கு வெருகு என்று தனிப்பெயரே இருந்தது. முல்லை அரும்பைப் பார்த்து வெருகு சிரித்ததுபோல் இருக்கிறது என்று பாடியவர், பல்லைக் கிட்ட நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சரி, குஞ்சு பிடித்தது யார்? பூனையைக் கண்டதும் குஞ்சு காணாமல் போனதும் இரண்டு வேறு விஷயம். கூட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் குருமணலைத் தூவி, கையால் தடவி மட்டமாக்கிவிட்டுப் படுங்கள். அடுப்புச் சாம்பலும் சரி. விடியப்புறம், கோழிகள் இறங்கிக் கிளறுவதற்கு முன் போய்ப் பாருங்கள். வீட்டுப் பூனையோ காட்டுப்பூனையோ, நாலு விரல்தான் பதியும், நகம் பதியாது. நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாயென்றால் நாலு விரலோடு நகமும் விழும். ஐந்து விரல் பதிந்திருந்தால் பூனையை விட்டுவிடுங்கள், அது கீரியோ மரநாயோ. பூனை என்று தெரிந்தால் தடத்தின் அகலத்தைப் பாருங்கள். வீட்டுப் பூனையின் தடம் 3 சென்ரிமீற்றர் அளவு. காட்டுப்பூனையின் தடம் 5 அளவு.

நேரமும் ஒரு சாட்சி. பட்டப்பகலில் குஞ்சு போனால் நான் முதலில் கீரியைத்தான் பிடிப்பேன். நடுச்சாமத்தில் கூட்டின் கூரையைப் பிரித்து இறங்கியிருந்தால் மரநாய். முட்டையும் குஞ்சும் சத்தமில்லாமல் போனால் சாரைப்பாம்பையும் மறக்க வேண்டாம். ஒரே இரவில் பத்துக் கோழியைக் கடித்துப்போட்டு ஒன்றையும் தின்னாமல் விட்டிருந்தால், ஊர் நாய்கள். அதை ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் நாய்க்குச் சொந்தக்காரர் இருக்கிறார்.

குடத்தனையிலிருந்து ஒரு வாசகர்: காணி துப்புரவாக்கும்போது வடலிக்குள் மூன்று பூனைக்குட்டிகள். உடம்பில் வரி வரியாக இருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வரி இருந்தால் வீட்டுப் பூனைதானே? மகள் வளர்க்கக் கேட்கிறாள்.

இல்லைத் தம்பி, இங்கேதான் நானே விழுந்தேன். வளர்ந்த காட்டுப்பூனைக்குத்தான் வரியில்லை என்றேன். அதன் குட்டிக்கு வரி உண்டு. பிறக்கும்போது நல்ல வரியும் புள்ளியுமாக, பார்த்தால் எங்கள் குசினிப் பூனையின் குட்டி மாதிரியே இருக்கும். மாதங்கள் போகப் போகத்தான் அது மங்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றோ நாலோ வருடம் ஆகியிருக்கும். ஒரு அம்மா கடகத்துக்குள் பழைய சேலைத்துண்டு விரித்து இரண்டு குட்டிகளைக் கொண்டுவந்தார். புல்லு அரியப்போன இடத்தில் கிடந்ததாம். கண் திறந்து ஒரு கிழமை இருக்கும், நீலக் கண். நான் எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “வீட்டுப் பூனைதான் அம்மா, யாரோ கொண்டுவந்து விட்டிருக்கினம்” என்று சொல்லிப் பால்மாவைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னேன். அதுவே இரண்டாவது பிழை. பசுப்பால் பூனைக்குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றால் போகும். ஒன்று செத்துவிட்டது.

மற்றதை ஐந்து மாதம் கழித்துச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். “டொக்டர், இது சொதியும் சோறும் திங்குதில்லை. நேரே கோழியிலதான் பாயுது.” சாக்கை அவிழ்த்து மேசையில் விட்டேன். அது பதுங்கவில்லை. நாலு காலையும் விறைப்பாக ஊன்றி எழும்பி நின்றது. அப்போதுதான் கண்டேன்: கால் அந்த உயரம். வால் பாதியில் வெட்டிவிட்டதுபோல். காது நுனியில் கறுப்பு மயிர். முதுகில் இருந்த வரியைக் காணவே இல்லை, முன்னங்காலில் மட்டும் இரண்டு பட்டி. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாவே என் முகத்தைப் பார்த்துவிட்டு, “காட்டுச் சாமானோ?” என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் நின்றதாம். பிறகு இரண்டு நாளைக்கு ஒருக்கால் வந்து, கடைசியில் வராமலே விட்டுவிட்டது. நல்லது. ஆனால் பதினான்கு கோழிக்கு யார் கணக்குச் சொல்வது? இன்றைக்கும் அந்த ஒழுங்கையால் போனால் சைக்கிளை வேகமாய் மிதிப்பேன்.

ஆகவே குட்டியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கிடந்த இடத்தைப் பாருங்கள். வீட்டுப் பூனை வீட்டோடு ஒட்டித்தான் குட்டி போடும்: விறகுக்குள், வைக்கோலுக்குள், அலுமாரிக்குள், சில வேளை அரிசிமூட்டைக்கு மேல். வீடு வாசல் இல்லாத வெளியில் வடலிக்குள் கிடந்தால், காட்டுத் தாயின் பிள்ளை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். தாய் கைவிட்டுப் போகவில்லை, உங்கள் வெட்டுக்கத்திச் சத்தத்துக்கு ஒதுங்கி நிற்கிறது. அந்தப் பக்கத்து வேலையை அன்றைக்கு நிறுத்துங்கள். வெட்டி முடிந்துவிட்டது என்றால், கிட்ட உள்ள பற்றையின் நிழலுக்குள் வைத்துவிட்டு விலகிப் போங்கள். தாய் இரவில் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும். மறுநாள் விடியத் தூரத்தில் நின்று எட்டிப் பாருங்கள். அப்போதும் அப்படியே கிடந்து கத்தினால்தான் அடுத்த வேலை: வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவியுங்கள். மகளுக்கு ஒழுங்கையில் திரியும் குட்டி ஒன்றைப் பிடித்துக் கொடுங்கள், அதற்கா எங்கள் ஊரில் பஞ்சம்.

நெல்லியடி வாசகர்: ரோச் அடித்தால் கண் பச்சையாக மின்னினால் காட்டுப்பூனை, மஞ்சளாக மின்னினால் வீட்டுப் பூனை என்று எங்கள் அப்பு சொல்லுவார். உண்மையா?

அப்பு கோபிக்கக்கூடாது. கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. அது பூனைக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு. எந்த நிறமாய்த் தெரியும் என்பது ரோச் பிடிக்கிற கோணத்தோடும் மாறும். ஒரே பூனையே இரண்டு நிறமும் காட்டும்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர்: இரணைமடுப் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் இரவு புலிக்குட்டி ஒன்றைக் கண்டேன். உடம்பு முழுக்கப் புள்ளி. நண்பர்கள் நம்பவில்லை.

நண்பர்கள் பாதி சரி. இலங்கைக் காட்டில் புலி என்ற மிருகம் இல்லை. (இந்த வசனத்தை வேறு விதமாக வாசிக்கிறவர்களுக்கு நான் பொறுப்பில்லை, நான் மாட்டு டொக்டர்.) இங்கே இருக்கிற பூனை இனம் நாலு: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துருப்புள்ளிப் பூனை. வாய்க்கால் கரை, இரவு, புள்ளி என்கிறீர்கள்; நீங்கள் கண்டது பெரும்பாலும் மீன்பிடிப் பூனை.

ஏ9 வீதியில் வாகனம் அடித்துப்போட்ட ஒன்றை ஒருமுறை இறங்கிப் பார்த்தேன். வீட்டுப் பூனையைப்போல் இரண்டு மடங்கு. சாம்பலில் பாசி நிறம் கலந்த உடம்பு. புள்ளிகள் கண்டபடி தெறித்த மாதிரி இல்லை, தலையிலிருந்து வால்பக்கமாக வரிசை பிடித்து ஓடியிருந்தன. காது சின்னது, வட்டம். காதின் பின்பக்கத்தைத் திருப்பினால் கறுப்புக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. இது வீட்டுப் பூனை எதிலும் வராது. வால் கட்டையாய், தடிப்பாய். முன்னங்காலை விரித்துப் பார்த்தேன், விரல்களுக்கு இடையில் தோல் பாதிவரை இருந்தது. நகம் முழுக்க உள்ளே போகவும் இல்லை, நுனி வெளியே தெரிந்தது. தண்ணீருக்குள் இறங்கி மீன் பிடிக்கிற பூனை அது. சிறுத்தையென்றால் புள்ளி நிரம்பிய புள்ளியாய் இராது, உடம்பில் ரோசாப்பூ வட்டம் வட்டமாய் இருக்கும். வாலும் நீளம்.

உலகளவில் மீன்பிடிப் பூனை அழியும் ஆபத்தில் உள்ள விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. நம் சட்டப்படியும் அதைத் தொடக்கூடாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் பக்கத்திலேயே 2018 ஜூன் மாதம் அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தையை அடித்துக் கொன்று படமும் எடுத்தார்கள். ‘புலிக்குட்டி’ என்று ஒருவர் சத்தம் போட்டால் பத்துப்பேர் பொல்லோடு வருவார்கள். அடுத்தமுறை கண்டால் மெதுவாகச் சொல்லுங்கள்.

துருப்புள்ளிப் பூனையை நான் வன்னியில் வேலை செய்த காலத்தில் ஒரே ஒருமுறைதான் கண்டேன், அதுவும் மரக்கிளையில் மூன்று விநாடி. ஒன்று, ஒன்றரைக் கிலோ. அவ்வளவுதான் அதன் முழு நிறை. உலகத்தின் மிகச் சிறிய பூனை இனங்களில் ஒன்று. துருப்பிடித்த ஆணி நிறத்தில் முதுகில் புள்ளி, நெற்றியிலிருந்து பிடரிக்குக் கோடு. இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் இல்லை. நல்லாய் வளர்ந்த பூனைக்குட்டி என்று எண்ணி யாராவது தூக்கினால், கையில் கிடைப்பது பாலுக்குக் கத்தும் குட்டியாய் இராது.

காங்கேசன்துறைப் பக்கம் மீள்குடியேறிய ஒரு அம்மா: எங்கள் காணியில் பற்றை வெட்டியதிலிருந்து நாலைந்து பூனைகள் திரிகின்றன. சாதாரணப் பூனை மாதிரித்தான் இருக்கு. ஆனால் மீன்தலை போட்டாலும் கிட்ட வருவதில்லை, பல்லைக் காட்டிச் சீறுது. காட்டுப்பூனையோடு கலந்த இனமோ?

அம்மா, சீறுவதை வைத்து இனம் சொல்ல முடியாது. பூனைக்குட்டி பிறந்து இரண்டாம் கிழமையிலிருந்து ஏழாம் கிழமை வரைக்கும் மனிதக் கை படவேண்டும். அந்த நாட்களில் படாவிட்டால், அது எங்கள் மடியில் தூங்கும் பூனையின் சொந்தத் தங்கச்சியாய் இருந்தாலும் எங்களைக் கண்டு ஓடும்.

இதை நான் என் வீட்டில் படித்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து கோண்டாவிலில் இருந்து வெளிக்கிட்டபோது, எங்கள் பெட்டைப்பூனை கறுப்பி வயிற்றில் குட்டியோடு நின்றது. கைதடிப் பாலத்தால் சனம் நகர்ந்த விதம் உங்களுக்குத் தெரியும், பூனைக்கு அங்கே இடமில்லை. அம்மா சட்டி நிறையச் சோறு போட்டு, மேலே மாசிக்கருவாடு பிய்த்துத் தூவி, குசினிக் கதவைத் திறந்துவிட்டு வந்தார். அடுத்த வருடம் சித்திரை கழித்துத் திரும்பிப் போனோம். முற்றத்தில் இடுப்பளவு புல். மதிலில் கறுப்பி இருந்தது, மெலிந்து. அம்மா கூப்பிட, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்து காலில் உரசியது. அதற்குப் பின்னால் மூன்று இளம்பூனைகள். அச்சடித்த மாதிரிக் கறுப்பியேதான், வெள்ளை மார்பு உட்பட. எங்களைக் கண்டதும் மூன்றும் கிணற்றடிக்கு அப்பால் பாய்ந்து மறைந்தன. நாலு வருடம் எங்கள் வளவில் இருந்தன, ஒன்றையும் ஒருநாளும் தடவ முடியவில்லை. தாய் மனிதரை அறிந்தது, பிள்ளைகள் அறியவில்லை.

உங்கள் பகுதி அதைவிட நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்தது. ஓடிப்போனவர்களின் பூனைகள் எத்தனை தலைமுறை கண்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். என் கணக்கில், யாழ்ப்பாணத்தில் ‘காட்டுப்பூனை’ என்று சொல்லப்படுபவற்றில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டவைதான்.

கலப்பு பற்றிக் கேட்டீர்கள். காட்டுப்பூனையும் வீட்டுப் பூனையும் சேர்ந்து குட்டி போட முடியும். வெளிநாட்டில் வேண்டுமென்றே கலந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டுப் பூனை இந்த ஊர்க் காட்டுப்பூனையிலிருந்து வந்ததில்லை. அதன் மூதாதை வட ஆபிரிக்கா, மத்திய கிழக்குப் பக்கத்துக் காட்டுப்பூனை, வேறொரு இனம். 2007 இல் மரபணுவை ஒப்பிட்டு அதை நிறுவினார்கள். சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 வருடத்துக்கு முந்திய புதைகுழி ஒன்றில் மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருந்தார்கள். அந்த மூதாதைக்கும் உடம்பில் வரி உண்டு. உங்கள் வரிப்பூனையின் வரி அங்கிருந்து வந்தது. ஆக, வால் நீளமும் வெள்ளைத் திட்டும் இருந்தால் கலப்பென்று தேட வேண்டாம்.

ஒன்று மட்டும்: பிறாண்டினாலோ கடித்தாலோ, அது எந்தப் பூனை என்று ஆராய்ந்துகொண்டு நிற்க வேண்டாம். சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நோய் பூனையாலும் வரும். மஞ்சள் பூசிவிட்டு வீட்டில் இருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அச்சுவேலி வாசகர்: போன இதழில் எழுதினீர்களே, உங்கள் கோழிக்கூட்டுக்கு வரும் காட்டுப்பூனை? கோண்டாவிலில் வீட்டுக்கு வீடு மதில். அங்கே காட்டுப்பூனை எப்படி வந்தது?

கேட்பீர்கள் என்று தெரியும். நான் கண்டது ஜன்னலால், இரவு ஒன்பது மணிக்கு, கண்ணாடி போடாமல். மண்ணிறம், வரியில்லாத மாதிரி இருந்தது, வால் சாண் அளவும் இல்லை. வாலைக் கண்டதும் எழுதிவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்றுதான் ஊருக்குச் சொன்ன வைத்தியத்தை எனக்கே செய்து பார்த்தேன். கூட்டடியில் மணல் தூவினேன். காலையில் அடிமட்டத்தோடு போய்க் குந்தினேன். நாலு விரல், நகமில்லை. அளந்தேன்: 3 சென்ரிமீற்றருக்கு ஒரு நூல் குறைவு.

அன்றைக்கு முன்னிரவு கண்ணாடி போட்டுக்கொண்டு விறாந்தையில் காத்திருந்தேன். வந்தது. வால் நுனியில் கறுப்பும் இல்லை, வளையமும் இல்லை. மயிர் இல்லாத மொட்டை நுனி. மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அது எங்கட கடுவன்தானே டொக்டர்,” என்றா. “போன மாரிக்குள்ள கேற்றுக்குள்ள வால் நசிஞ்சு அறுந்து போச்சு. நீங்கள்தானே மருந்து கட்டி விட்டனீங்கள்?”